சூலூரில் ஒரு வரியை மேலே ஏற்றிய கதை

சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், துவைத்த துணிகளைக் காயப்போடச் சொன்னாள் மனைவி. அதிலிருந்து தப்பிப்பதற்காக, தலை போகிற வேலை இருப்பதாகச் சொல்லி மடிக்கணினியைத் திறந்தேன். திறந்த பாவத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். அதில் எவ்வளவு முட்டாள்தனம் அடங்கியிருந்தது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், பக்கத்து வீட்டுத் துணியையும் சேர்த்துக் காயப்போட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். நீங்கள் ஒரு வலைத்தளத்தின் முகவரியைத் தட்டுகிறீர்கள். தளத்துக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. இப்படிப்பட்ட முகவரி வந்தால் இந்தப் பக்கத்தைத் திற, அப்படிப்பட்டது வந்தால் அதைத் திற என்று வரிவரியாக எழுதியிருக்கும். எனக்குச் சோறு போடும் ஃபிரேம்வொர்க், அதாவது தளங்களைக் கட்டப் பயன்படும் அடிப்படைச் சட்டகம், அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, முதலில் பொருந்துகிற வரியில் நின்றுவிடும். பட்டியல் நீளமானால் தேடும் நேரமும் நீளும், தளங்கள் நொண்டுவதற்கு இதுதான் காரணம், அடிக்கடி கேட்கப்படும் வரிகளை மேலே ஏற்றினால் தளம் பறக்கும் என்று எழுதினேன். ஆதாரத்துக்கு ஒரு படமும் போட்டேன். அதில் சிவப்புக் கோடு ஒன்று மலையேறியது. சோதனைக்காக நான் செய்த பட்டியலில் இருந்தவை அத்தனையும் பொய் முகவரிகள். கேட்டது எப்போதும் கடைசி வரியை. அதே நேரத்தில் அதே கணினியில் மகளுக்காக ஒரு கார்ட்டூன் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மூன்றையும் கட்டுரையில் குறிப்பிட மறந்துவிட்டேன்.

தமிழ் நிரலாளர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அதைப் போட்டதும் கைதட்டல் விழுந்தது. 'கொள்ளுப்பயிறு' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் மட்டும் மறுத்தார். மாதக்கணக்கில் நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "ஓடற தளத்துல அளந்தீங்களா?" குதிரைத் தீனியைப் பெயராக வைத்திருப்பவருக்கு வேகம் பற்றி அக்கறை இருப்பது நியாயம்தான் என்று எழுதினேன். நிறையப் பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

என் கட்டுரையை முழுதாக நம்பி, அதன்படி நடக்கவும் முடிவெடுத்த ஒரே மனிதர் சூலூரில் இருந்தார். பெயர் பொன்னுசாமி. விசைத்தறி உதிரிபாகங்களை வலைத்தளத்தில் விற்பவர். காலையில் கூட்டம் வரும் நேரத்தில் தளம் படுத்துவிடுகிறது, நேரில் வந்து பார்த்துச் சொல்லுங்கள், போகவர எல்லாம் நம்ம பொறுப்பு என்று அழைத்தார். மறுக்கலாம் என்றுதான் நினைத்தேன். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கௌரவம் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

விமானம் கோயம்புத்தூரில் இறங்கியதும் ஒரு டாக்சி பிடித்தேன். டாக்சி ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடியே யாரோ ஒருவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவனக் கையக் கால ஒடச்சுப்போடறனுங்க மாமா. நீங்க சாப்ட்டீங்களா?"

குரலில் துளி ஏற்றம் இல்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருவருக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். எவ்வளவு தள்ளி நிற்பது என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். சிங்கப்பூரில் கோபம் மின்னஞ்சலில் வரும், இணைப்புகளோடு. இந்த ஊரில் அது மரியாதையாகவே வருமென்றால், வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? இறங்கும்போது அவர் "பாத்துப் போங்க சார்" என்றார். எதைப் பார்த்து என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

காந்திபுரத்தில் விடுதி. பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டியில் காளான் சாப்பிடப் போனேன். கோயம்புத்தூருக்கு வந்தவர்கள் அதைச் சாப்பிட்டாக வேண்டுமாம். தட்டு முழுக்கச் சிவப்பாக, சுடச்சுட, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும். பாதித் தட்டு வரை முட்டைக்கோஸ்தான் வந்தது.

"காளான் எங்கேண்ணே?" என்றேன்.

"தேடுங்க சார், இருக்கும்" என்றார் வண்டிக்காரர்.

கடைசி வாயில் ஒன்று கிடைத்தது. என் கட்டுரைக்கு ஆதரவாக உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேரடிச் சான்று அதுதான்.

மறுநாள் காலை கார் அனுப்புவதாகப் பொன்னுசாமி சொன்னார். வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன், ஊரைப் பார்க்க ஆசை என்றேன். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. கார் சீக்கிரம் போய்விடும் என்ற பயம். சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் தாராபுரம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. படியில் நின்ற ஒருவரிடம், "சூலூர் வழியா போகுமா?" என்று கேட்டேன். "போகுங்க" என்றார். ஏறிக்கொண்டேன்.

சூலூர் வந்தது. ஜன்னல் வழியாக அழகாகத் தெரிந்தது. அப்படியே பின்னால் போய்விட்டது.

நடத்துநர் என் கூச்சலைக் கேட்டு வந்தார். "ஏனுங்க சார், இது எக்ஸ்பிரஸ்ஸுங்க. இனிப் பல்லடந்தானுங்க."

"சூலூர் வழியா போகும்னு சொன்னாங்களே."

"போச்சுங்களே" என்றார்.

அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் பின்னால் வரிசையாக நின்ற மற்ற பஸ்களைப் பார்க்காமல், முதலில் பொருந்தியதில் ஏறியிருந்தேன். பல்லடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துத் திரும்பி, சட்டை முதுகோடு ஒட்ட சூலூர் வந்து சேர்ந்தேன். அந்தப் பயணத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்கலாம். வரவில்லை.

பொன்னுசாமி வாசலுக்கே வந்து கைகூப்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். அறுபது வயதைத் தாண்டியவர்.

"வாங்க தம்பி. பல்லடமெல்லாம் பாத்துப்போட்டு வந்துட்டீங்களாமா?"

எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. முதலில் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை எதிரே நின்றார். "சிறுவாணித் தண்ணிங்க. எப்படி இருக்குதுங்க?" நன்றாக இருக்கிறது என்றேன். இன்னொரு சொம்பு வந்தது. பிறகு இலை போட்டார்கள். சந்தகை. எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, தேங்காய்ப்பாலில் மிதந்தது. போதும் என்று கையைக் குறுக்கே வைத்தேன். கைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்தார்கள்.

நான் மூன்றாம் முறையாக வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் விஷயத்துக்கு வந்தார். அதே குரல், அதே பணிவு.

"நம்ம தளத்தப் பாத்துக்கறது எஸ்தர்னு ஒரு அம்மணிங்க. கூட ரெண்டு பசங்க. நல்ல புள்ளைங்கதான். ஆனா காத்தால தறி நின்னுபோச்சுன்னு ஒரு ஆள் நூலக் குறுக்க ஓட்டற நாடா கேட்டு வந்தா, பக்கம் தொறக்கறதுக்குள்ள அவன் சோமனூர் போயி வாங்கீட்டு வந்துடறானுங்க. உங்க கட்டுரையப் படிச்சுப்போட்டு பெங்களூர்ல ஒரு கம்பெனிகிட்டப் பேசி வெச்சிருக்கறனுங்க. இந்த ஃபிரேம்வொர்க்தான் கோளாறுன்னு நீங்க நேர்ல பாத்துச் சொல்லீட்டீங்கன்னா, அவங்கள வரச்சொல்லீட்டு இவங்கள அனுப்பிப்போடலாங்க."

இலையை மூடினேன். துணி காயப்போடாததன் விலை மூன்று பேர் வேலையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எஸ்தர் மாடி அறையில் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மூக்குக்கண்ணாடி, பின்னால் இழுத்துக் கட்டிய முடி, மேசைமேல் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். உட்காரச் சொன்னார். என் கட்டுரையின் பெருமைகளை நான் எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். பேசிக்கொண்டே போனேன். அவர் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

"ஓடற தளத்துல அளந்தீங்களா சார்?"

நாற்காலி சுழலும் நாற்காலி. பயத்தில் அது தானாகவே பாதிச் சுற்றுச் சுற்றியது. அவர் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். கொள்ளுப் பருப்பும் சாதமும்.

"குதிரைத் தீனிதானுங்க. சாப்பிடுங்க."

நான் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? நன்றாகவும் இருந்தது, அது இன்னும் கொடுமை. அவருடைய அப்பாவும் அம்மாவும் தாராபுரம் பக்கம் அடுத்தவர் காட்டில் வேலை செய்தவர்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். இப்போது அங்கே சொந்தமாக வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது.

"செவுரு நிக்குதுங்க. கூரை, நீங்க நாளைக்கு என்ன சொல்றீங்கங்கறதுல இருக்குது" என்றார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

"தளம் ஏன் மெதுவாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. பட்டியல்ல தேடறதுல ஒண்ணும் போறதில்லீங்க. சாமான் வெவரமெல்லாம் வெச்சிருக்கற தரவுத்தளத்துலதான் நேரம் போகுது. சரிபண்ண ரெண்டு வாரம் கேட்டேன். அய்யா உங்க கட்டுரையக் காட்டி, வேண்டாம்னுட்டாங்க."

அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. அவர் சொல்வது சரியாக இருந்தால் நான் கோமாளி. தவறாக இருந்தால் அவர் வீட்டுக்குக் கூரை இல்லை. எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது. கடைசியில் ஒரு கோழையின் முடிவுக்கு வந்தேன். பட்டியலைக் கொஞ்சம் மாற்றி அமைப்பேன், தளம் கொஞ்சமாவது வேகமாகும், எல்லோரும் பிழைத்துப்போவார்கள், நானும் பிழைப்பேன்.

மூன்றாம் நாள் காலை கார் வந்துவிட்டது. தப்பிக்கும் வழியை எனக்கு விட்டுவைக்கவில்லை. பொன்னுசாமி மாடி அறையில் எனக்காக ஒரு நாற்காலியை எஸ்தர் மேசைக்கு முன்னால் போட்டு வைத்திருந்தார். எஸ்தர் ஓரமாக நின்றார். வேலை போகப்போகிறதா என்று தெரியாத இரண்டு பையன்களும் சுவரோடு சுவராக நின்றார்கள்.

"முதல்ல தளத்தோட நகல்ல மாத்திப் பாத்துக்கலாங்க. அப்புறம் ஓடறதுல போடலாம்" என்றார் எஸ்தர்.

"ஏனுங்க தம்பி, நகல்ல கூட்டம் வருங்களா?" என்று பொன்னுசாமி என்னிடம் கேட்டார்.

வராது என்பது உண்மை. நகலில் பார்ப்பதுதான் முறை என்பதும் உண்மை. இரண்டில் அவருக்குப் பிடித்த உண்மையைச் சொன்னேன். "கூட்டம் வராதுங்க ஐயா." எனக்கும் அந்த ஊர் 'ங்க' தொற்றியிருந்தது. பயந்தவன் நாக்கில் எதுவும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

பட்டியலைத் திறந்தேன். எந்த வரி அதிகம் கேட்கப்படுகிறது என்று பார்த்தேன். அதிகம் கேட்கப்பட்டது கடைசி வரி. எனக்கு உடம்பு புல்லரித்தது. கட்டுரையில் சொன்னது அப்படியே. இதை மேலே ஏற்றினால் முடிந்தது.

"சார், அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்குதுங்க" என்றார் எஸ்தர்.

"தெரியும்" என்றேன். தெரியாது.

வரியை வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினேன். தளத்தை மறுபடி ஓட விட்டேன். பொன்னுசாமி தன் போனில் பக்கத்தைத் திறந்தார். பளிச்சென்று வந்தது. வந்த வேகத்தைத்தான் நானும் அவரும் பார்த்தோம், வந்தது எது என்று பார்க்கவில்லை.

"அட" என்றார். மாதக்கணக்கில் நான் பட்ட அவமானத்துக்கெல்லாம் மருந்தாக இருந்தது அந்த ஒரு சொல். கொள்ளுப்பயிறைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் தோல்வி இல்லை. ஒரு குழந்தை வாணலிப் பக்கம் கை நீட்டுவதைப் பார்க்கிற முகம் அது.

அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'எந்தப் பெயர் வந்தாலும் சரி, அந்தப் பெயரில் ஒரு தகவல் பக்கம் இருந்தால் திற. இல்லையென்றால் "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தைத் திற' என்பது அதன் பொருள். கடைசியில் இருந்தவரை அது சமத்து. வழி தெரியாமல் வந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே போனதும், வந்த முகவரி எல்லாம் அதற்குப் பொருந்தியது. சாமான் பக்கங்களோ தகவல் பக்கங்களில் சேராதவை. நாடா கேட்டவரும் பாபின் கேட்டவரும் பணம் கட்டப் போனவரும் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் போய் விழுந்தார்கள். மாதக்கணக்கில் வேகத்தைப் பற்றியே சண்டை போட்ட நான், வரிசை மாறினால் போய்ச் சேரும் இடமே மாறும் என்பதை மறந்திருந்தேன். இந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லித்தருவது அதுதான்.

'எங்களைப் பற்றி' பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு படம். பொன்னுசாமியின் மணிவிழாவில் எடுத்தது. கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை, முன்னால் எரியும் குத்துவிளக்கு, நெற்றி நிறையத் திருநீறு. கீழே பெரிய எழுத்தில்: 'நிறுவனர் ஐயா அவர்களின் உழைப்பு என்றும் நம் நெஞ்சில்.'

முதல் அழைப்பு வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு கிழட்டுக் குரல் தழுதழுத்தது.

"ஏனுங்க, எப்பங்க ஆச்சு? நேத்துக்கூட நல்லாப் பேசுனாருங்களே."

"யாருங்க?"

"பொன்னுசாமியண்ணன்தானுங்க. எப்ப எடுக்கறீங்க?"

பொன்னுசாமி போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தானுங்க பொன்னுசாமி பேசறேன். எடுக்கற அளவுக்கு இன்னும் ஆகலீங்க."

அந்தப் போனை வைப்பதற்குள் இன்னொன்று அடித்தது. அதை எடுப்பதற்குள் கீழே அலுவலகத்துப் போன். கொடுமுடியிலிருந்து அவர் சம்பந்தி, கிளம்பிவிட்டதாகவும் வழியில் இருப்பதாகவும் சொன்னார். மேலே அந்த ஊர் விமானப்படைத் தளத்து ஜெட் ஒன்று கூரையை உரசுவதுபோல் இரைந்துகொண்டு போனது. நான் மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். இரைச்சல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். வெளியில் வர ஒரு காரணமும் தோன்றவில்லை.

"எந்திரிங்க சார்" என்றார் எஸ்தர்.

எழுந்தேன். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். வரியை இருந்த இடத்துக்கே இறக்கினார். செத்தவர் பிழைத்தார்.

ஆனால் கீழே வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் கையில் வாழையிலையில் சுற்றிய மாலை. மாடிக்கு வந்து, உயிரோடு நிற்கும் பொன்னுசாமியைப் பார்த்துத் திகைத்து, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என்மேல் கொஞ்சம் அதிக நேரம் தங்கியதாக எனக்குத் தோன்றியது. வந்தவரின் தறி காலையிலிருந்து நிற்கிறதாம். நாடா வாங்கத் தளத்தைத் திறந்திருக்கிறார்.

"கொண்டாந்தது கொண்டாந்துட்டீங்க, குடுங்க" என்று பொன்னுசாமி மாலையை வாங்கி முருகன் படத்துக்குப் போட்டார். "காப்பி சாப்பிட்டுப்போட்டு, நாடாவக் கையோட வாங்கீட்டுப் போங்க."

பிறகு எஸ்தர் அளந்து காட்டினார். ஓடுகிற தளத்தில், கூட்டம் இருக்கும்போதே. திரையில் ஒரு பட்டை. பட்டியலில் வரியைத் தேடும் நேரம், பட்டையின் இடது ஓரத்தில் ஒரு நூல் அளவு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் நூல்தான். மீதிப் பட்டை முழுக்கத் தரவுத்தளம்.

"ஒரு பக்கத்துல காட்ற சாமான் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒருக்காப் போயிக் கேக்குதுங்க அய்யா. குடோனுக்கு ஒரு போல்ட்டுக்கு ஒருதரம் ஆள் போயிட்டு வர்ற மாதிரி. எல்லாத்தையும் ஒரேயடியாக் கேக்கற மாதிரி மாத்தோணும். அதுக்குத்தான் ரெண்டு வாரம் கேட்டேன்."

"அப்ப காத்தால தம்பி மாத்துனதும் பளிச்சுனு வந்துச்சே?"

"அந்தப் பக்கத்துல சாமானே இல்லீங்களே. உங்க படம் மட்டுந்தானுங்க."

பொன்னுசாமி என் பக்கம் முழுதாகத் திரும்பினார். குரல் நேற்றுச் சந்தகை பரிமாறியபோது இருந்த அதே குரல்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. பெங்களூர்க்காரங்கள வரச் சொல்லட்டுங்களா?"

உண்மையைச் சொல்லிவிட்டால் என் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு வீட்டுக்குக் கூரை போய்விடும்.

"வேண்டாங்க ஐயா. எஸ்தர் சொல்றதுதான் சரி. என் கட்டுரை தப்பு."

"தப்புங்களா?"

"தப்புங்க."

"அப்ப ஏனுங்க எழுதுனீங்க?"

"வீட்ல துணி காயப்போடச் சொன்னாங்க."

அவர் இரண்டு போனையும் சட்டைப்பையில் போட்டார். திட்டுவார், அடிப்பார், அந்த டாக்சி ஓட்டுநரை அழைப்பார் என்று என்னென்னவோ ஓடியது.

"சாப்பிட்டுப்போட்டுப் போங்க தம்பி" என்றார்.

அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய். அதில் ஒரு சுவையும் எனக்குத் தெரியவில்லை. பெங்களூர் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பந்தி குடும்பத்தோடு வந்து இறங்கினார். பொன்னுசாமி உயிரோடு இருப்பதற்கான காரணத்தை அவர்களுக்கு ஒவ்வொருவராக விளக்க வேண்டியிருந்தது. நான் கிளம்பும்போது ஒரு பை நிறையத் தேங்காய் பன் கொடுத்து, கார்க் கதவைத் தானே திறந்துவிட்டு, கைகூப்பினார். கோபமா இல்லையா என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. எஸ்தர் மாடி ஜன்னலில் தெரியவில்லை. வேலையில் இருந்திருக்கலாம். மேசையைக் காலி செய்துகொண்டும் இருந்திருக்கலாம்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இணையக் குழுவைத் திறந்து, கட்டுரையை நீக்கினேன். பிறகு கொள்ளுப்பயிறுக்கு ஒரு செய்தி எழுதினேன். மன்னிப்பு என்று தொடங்கினேன். குதிரைத் தீனிக் கிண்டலுக்குத் தனியாக ஒரு பத்தி. ஐயா என்ன முடிவு செய்தார், பெங்களூர்க்காரர்கள் வருகிறார்களா, எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று ஒரு பத்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. பட்டியலை வரிவரியாக வைக்காமல் மரம்போலக் கிளைகிளையாகப் பிரித்து வைத்தால் அந்த நூல் அளவு நேரத்தையும் பாதியாக்கலாம் என்று தோன்றுகிறது, நீங்கள் விரும்பினால் அடுத்த மாதம் நானே என் செலவில் வந்து செய்து தருகிறேன் என்றும் எழுதி அனுப்பிவிட்டேன்.

விமானத்துக்கு அழைத்தார்கள். வரிசையில் நின்றேன். போன் அதிர்ந்தது, கொள்ளுப்பயிறு. திறந்து பார்க்கவே பயமாக இருந்தது. பின்னால் நின்றவர் "நகருங்க சார்" என்ற பிறகுதான் பார்த்தேன்.

"அவங்க வரலீங்க. நீங்களும் வந்துராதீங்க."